மில்கிரீக்கில் நாலு எம்.பி.: யூட்டா தொகுதிக் கோடுகளின் கதை

கேள்வி சுருக்கமாக இதுதான்: அமெரிக்காவின் யூட்டா மாநிலம் எப்படியும் குடியரசுக் கட்சியின் கோட்டை. அங்கே பிரதிநிதிகள் சபைக்கான 4 இடங்களையும் அவர்களே ஜெயிப்பது இயல்புதானே? அப்புறம் தொகுதி வரைபடத்துக்காக ஏன் இத்தனை வருஷமாகக் கோர்ட்டும் கேஸுமாக அலைகிறார்கள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம்மூரில் தொகுதி மறுவரையறை என்றதும் எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்ற சண்டைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அந்தக் கணக்கு 10 வருஷத்துக்கு ஒருமுறை சென்சஸ் முடிந்ததும் சூத்திரப்படி தானாக முடிந்துவிடும். கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் சண்டை. இந்தியாவில் கோடு போட மறுவரையறை ஆணையம் என்று தனியாக ஒன்று அமைப்பார்கள், அதற்கு உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைவர். யூட்டா உட்பட அமெரிக்காவின் பல மாநிலங்களில் கோடு போடுகிறவர்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களேதான். தங்கள் சொந்தத் தொகுதிக்கும் அவர்களே வரைகிறார்கள், வாஷிங்டன் போகிற எம்.பி.க்களின் தொகுதிக்கும் அவர்களே வரைகிறார்கள். யூட்டா சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் குடியரசுக் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பலம் இருப்பதால் ஆளுநரின் வீட்டோ பற்றிய கவலையும் இல்லை.

இப்போது கணக்கு. 2020 சென்சஸ்படி யூட்டாவின் மக்கள்தொகை 32,71,616. நாலால் வகுத்தால் தொகுதிக்கு 8,17,904 பேர். இந்த எண் கிட்டத்தட்ட ஆளுக்கு ஆள் சரியாக வர வேண்டும். 1964-ல் உச்ச நீதிமன்றம் பிரதிநிதிகள் சபைத் தொகுதிகள் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்றது. 1983-ல் நியூஜெர்சி வழக்கில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தைக்கூட ஏற்கவில்லை. நம்மூரில் ஒரே மாநிலத்துக்குள் ஒரு தொகுதிக்கும் இன்னொன்றுக்கும் லட்சக்கணக்கில் வித்தியாசம் இருப்பது சகஜம். அங்கே சில நூறு பேர் கூடினாலும் ஏன் கூடியது என்று காரணம் சொல்ல வேண்டும்.

இணையத்தில் யார் வேண்டுமானாலும் தொகுதி வரைந்து பார்க்க இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே யூட்டாவை நாலாகப் பிரித்துப் பார்த்தேன். எதையும் செய்தித்தாளில் படிப்பதைவிட இப்படிச் செய்து பார்த்தால் சீக்கிரம் புரியும். யூட்டாவின் மேப்பைப் பார்த்தால் பெரிய செவ்வகத்தில் மூலையைக் கடித்தது போல இருக்கும். ஆனால் ஜனங்கள் அந்தச் செவ்வகம் முழுக்கப் பரவியில்லை. கிழக்கே வசாட்ச் மலைத்தொடர், மேற்கே பெரிய உப்பு ஏரியும் பாலைவனமும். நடுவில் வடக்கு தெற்காக ஒரு நீளப் பட்டை. ஆக்டன், சால்ட் லேக் நகரம், புரோவோ எல்லாம் அந்தப் பட்டையில் வரிசையாக நிற்கின்றன. மாநிலத்தின் பெரும்பகுதி மக்கள் அங்கேதான்.

வடக்கிலிருந்து ஆரம்பித்தேன். கேஷ் கவுண்டி 1,33,154 (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி). பாக்ஸ் எல்டர் 57,666. வெபர் 2,62,223. டேவிஸ் 3,62,679. மூலையில் தனியாகக் கிடக்கும் குட்டி ரிச் கவுண்டி 2,510. கூட்டினால் 8,18,232. வேண்டியது 8,17,904. வெறும் 328 பேர்தான் அதிகம்! ஒரு தெருமுனையை வெட்டிப் பக்கத்துக்குத் தள்ளினால் வடக்குத் தொகுதி தயார். ஐந்து கவுண்டி, ஒட்டிக்கொண்டு, ஒரே பகுதியாக. இது குடியரசுக் கட்சிக்கு அசைக்க முடியாத தொகுதியாகத்தான் இருக்கும், அதில் யாருக்கும் புகார் இருக்காது.

அடுத்தது சால்ட் லேக் கவுண்டி. அங்கேதான் எல்லா வம்பும். அதன் மக்கள்தொகை 11,85,238. ஒரு தொகுதிக்கு அதிகம், இரண்டுக்குப் போதாது. எப்படியும் ஓரிடத்தில் வெட்டியே ஆக வேண்டும். ஒரு முழுத் தொகுதியை எடுத்த பிறகு 3,67,334 பேர் மிஞ்சுகிறார்கள். அவர்களை தெற்கே உள்ள யூட்டா கவுண்டியுடனும் (ஆமாம், மாநிலத்தின் பெயரிலேயே ஒரு கவுண்டி, புரோவோ இருப்பது அங்கே) மற்ற 22 கிராமப்புறக் கவுண்டிகளுடனும் சேர்த்து இரண்டாகப் பிரித்தால் மீதி இரண்டு தொகுதியும் அச்சாக வந்துவிடுகிறது. கவுண்டியை ஒருமுறையோ இரண்டுமுறையோ வெட்டினால் போதும்.

2021-ல் சட்டமன்றம் இயற்றிய வரைபடத்தில் சால்ட் லேக் கவுண்டி நாலாக வெட்டப்பட்டது. நாலு தொகுதிகளும் கவுண்டியின் நடுவில் மில்கிரீக் என்ற ஊர்ப்பக்கம் வந்து ஒரு முனையில் சந்தித்தன. சுமார் 63,000 பேர் வாழும் சின்ன நகராட்சி அது. அந்த ஊருக்கு நாலு எம்.பி. பீட்சாவைத் துண்டு போடுவது போல என்று அங்கே சொல்வார்கள். மில்கிரீக்கில் ஒரு வீட்டிலிருந்து புறப்பட்டு ஒரு நடை போனால், மேற்கே ஒருவர் 480 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செயின்ட் ஜார்ஜ் பாலைவன ஊருடன் சேர்ந்து வாக்களிப்பார், கிழக்கே ஒருவர் கொலராடோ எல்லையோரம் இருக்கும் மோவாபுடன் வாக்களிப்பார். இருவரும் காய்கறி வாங்குவது ஒரே கடையில்.

ஏன் அப்படி வெட்ட வேண்டும்? யூட்டாவில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சிறுபான்மை. 2024 அதிபர் தேர்தலில் டிரம்புக்குச் சுமார் 59 சதவீதம், ஹாரிஸுக்குச் சுமார் 38. ஆனால் அந்த 38 மாநிலம் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. சால்ட் லேக் நகரத்திலும் அதைச் சுற்றியும்தான் கெட்டியாகக் குவிந்திருக்கிறது. ஒரு டம்ளர் டிகாக்‌ஷனை ஒரு டம்ளர் பாலில் ஊற்றினால் காபி. அதையே நாலு குண்டான் பாலில் பிரித்து ஊற்றினால் எதிலும் நிறம்கூட மாறாது. டிகாக்‌ஷன் அதே அளவுதான். 2022, 2024 தேர்தல்களில் நாலு தொகுதியில் ஒன்றில்கூட நெருக்கமான போட்டி இல்லை.

இது புது வித்தையும் அல்ல. 1990-களில் யூட்டாவின் 2-ஆம் தொகுதி முழுக்க சால்ட் லேக் கவுண்டிக்குள்ளேயே அடங்கியிருந்தது. 1992-ல் ஜனநாயகக் கட்சி, 1994-ல் குடியரசுக் கட்சி, 2000-ல் மறுபடி ஜனநாயகக் கட்சியின் ஜிம் மாத்திசன் என்று மாறி மாறி ஜெயித்த, உயிருள்ள தொகுதி. 2001-ல் சட்டமன்றம் தொகுதிக் கோடுகளை மாற்றியது. மாத்திசனின் தொகுதியில் நகரத்தின் ஒரு பகுதியோடு தெற்கிலும் கிழக்கிலும் இருந்த செம்மண் பாலைவனத்தைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் மனிதர் விடவில்லை, பழமைவாத ஜனநாயகக் கட்சிக்காரர், முன்னாள் ஆளுநரின் மகன், தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருந்தார். 2012-ல் புதிதாக வந்த 4-ஆம் தொகுதியில் நின்று 768 வாக்கில் தப்பித்தார். 2018-ல் அதே 4-ஆம் தொகுதியில் பென் மெக்காடம்ஸ் என்ற இன்னொரு ஜனநாயகக் கட்சிக்காரர் 694 வாக்கில் ஜெயித்தார், 2020-ல் தோற்றார். 2021 வரைபடத்துக்குப் பிறகு அந்த மாதிரி ராத்திரி முழுக்க வாக்கு எண்ணும் வேலை யாருக்கும் இல்லாமல் போயிற்று.

இடையில் ஒரு சுவாரஸ்யம். யூட்டாக்காரர்கள் தலைக்கணக்கில் மிகவும் கறார். 2000 சென்சஸில் சுமார் 850 பேர் குறைந்ததால் அவர்களுக்கு 4-ஆவது சீட் கைநழுவி வட கரோலினாவுக்குப் போனது. வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தினரைச் சொந்த மாநிலக் கணக்கில் சேர்த்தீர்களே, மதப் பிரசாரத்துக்காக வெளிநாடு போயிருக்கும் எங்கள் மார்மன் (யூட்டாவில் வேரூன்றிய கிறிஸ்தவ மதப் பிரிவு) பிள்ளைகளை ஏன் சேர்க்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஒவ்வொரு ஆளும் கணக்கில் வர வேண்டும் என்று அவ்வளவு தூரம் வாதாடிய மாநிலம் அடுத்த சுற்றில் சொந்தத் தலைநகரை எப்படிக் கணக்கில் எடுத்தது என்பதுதான் வேடிக்கை.

சரி, இப்போது உங்கள் கேள்வியின் நியாயத்துக்கு வருகிறேன். 38 சதவீத வாக்கு இருந்தால் 4-ல் ஒன்றரை சீட் கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அது விகிதாசாரத் தேர்தல் இல்லாத நாடு. மாசசூசெட்ஸைப் பாருங்கள். அங்கே மூன்றில் ஒரு பங்கு வாக்காளர்கள் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள், ஆனால் 9 சீட்டும் ஜனநாயகக் கட்சிக்கே. 1994-க்குப் பிறகு அங்கே பிரதிநிதிகள் சபைக்கு ஒரு குடியரசுக் கட்சிக்காரர்கூட ஜெயிக்கவில்லை. யூட்டா குடியரசுக் கட்சிக்காரர்கள் இதைத் தவறாமல் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் மாசசூசெட்ஸில் அந்த மூன்றில் ஒரு பங்கு எல்லா ஊரிலும் ஒரே சீராகப் பரவியிருக்கிறது. எப்படி வரைந்தாலும் அவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் தொகுதி வருவது மிகமிகக் கடினம். யூட்டாவில் நிலைமை தலைகீழ். ஊரையும் கவுண்டியையும் முடிந்தவரை உடைக்காமல் ஒருவர் வரைந்தால் சால்ட் லேக் தொகுதி தானாகவே வந்து நிற்கிறது, அதைக் கலைக்கத்தான் முயற்சி தேவை. வெறும் சீட் எண்ணிக்கையைப் பார்த்து ஒரு வரைபடத்தை நல்லது கெட்டது என்று சொல்லக் கூடாது. அந்த எண்ணிக்கை ஊரமைப்பால் வந்ததா, பென்சிலால் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

சட்டமன்றத்தின் வாதத்தையும் அப்படியே தள்ளிவிட முடியாது. யூட்டாவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு மத்திய அரசின் கையில் இருக்கிறது. மேய்ச்சல், சுரங்கம், தண்ணீர், தேசியப் பூங்கா எல்லாமே வாஷிங்டனில் முடிவாகும் விஷயங்கள். அதனால் நாலு எம்.பி.க்களுக்கும் கொஞ்சம் நகரமும் கொஞ்சம் கிராமமும் இருந்தால் நாலு பேரும் நிலப் பிரச்சினைக்குக் குரல் கொடுப்பார்கள், ஒரு எம்.பி. முழு நகர எம்.பி. ஆகிவிட்டால் கிராமத்துக்கு ஒரு குரல் குறையும் என்றார்கள். கிராமப்புற யூட்டாவில் இதை மனதார நம்புகிறவர்கள் உண்டு. என் சந்தேகம் ஒன்றுதான். நகரமும் கிராமமும் கலக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் புரோவோ, ஆக்டன் பக்கமெல்லாம் விட்டுவிட்டு மில்கிரீக் மாதிரி ஊரை நாலாகக் கிழிக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது?

ஆனால் யூட்டா சண்டை கட்சிச் சண்டையாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. 2018 நவம்பரில் அந்த மாநிலத்து மக்கள் நேரடியாக வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், புரொபொசிஷன் 4. முன்னின்று நடத்திய இருவரில் ஒருவர் சால்ட் லேக் நகரத்தின் முன்னாள் ஜனநாயகக் கட்சி மேயர் ரால்ஃப் பெக்கர், மற்றவர் ஜெஃப் ரைட், குடியரசுக் கட்சித் தொழிலதிபர். 7 பேர் கொண்ட தனி ஆணையம் வரைபடம் தயாரிக்கும். சட்டமன்றம் அதை ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். வரைபவர்களுக்கு முன்னுரிமை வரிசையில் விதிகள்: முதலில் சம எண்ணிக்கை, அடுத்து ஊரையும் கவுண்டியையும் முடிந்தவரை உடைக்காமல் இருப்பது, அப்புறம் கச்சிதமான வடிவம், ஒன்றாக வாழும் சமூகங்கள், இயற்கை எல்லைகள். எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் வேண்டுமென்றே சாதகமோ பாதகமோ செய்யக் கூடாது. அது தப்பிப் பிழைத்தது 50.3 சதவீதத்தில், வித்தியாசம் 7,000 வாக்கு அளவில்தான். குடியரசுக் கட்சி வாக்காளர்களே கணிசமாக ஆதரிக்காமல் யூட்டாவில் எதுவும் 50-ஐத் தாண்டாது.

அதே நாளில் மருத்துவக் கஞ்சாவுக்கு ஒன்று, ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க ஒன்று என்று இன்னும் இரண்டு சட்டங்களும் மக்கள் வாக்கில் நிறைவேறின. சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? கஞ்சாச் சட்டத்தை டிசம்பரிலேயே சிறப்புக் கூட்டம் போட்டு மாற்றி எழுதியது. காப்பீட்டை 2019 பிப்ரவரியில் குறைத்தது. புரொபொசிஷன் 4-ஐ 2020-ல் எடுத்துவிட்டு வேறு சட்டம் வைத்தது. ஆணையம் இருக்கும், ஆனால் வெறும் ஆலோசனை சொல்லும் அமைப்பாக. மூன்றுக்கு மூன்று.

2021-ல் அந்த ஆணையம் மாநிலம் முழுக்கச் சுற்றிக் கருத்துக் கேட்டு, பிரதிநிதிகள் சபைக்கு மூன்று வரைபடங்கள் கொடுத்தது. நடுவிலேயே ஆணையத்தின் குடியரசுக் கட்சி உறுப்பினர், முன்னாள் எம்.பி. ராப் பிஷப், நகரத்துக்கே சாதகமாகப் போகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்தார். சட்டமன்றம் மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டுத் தன் வரைபடத்தை நவம்பரில் நிறைவேற்றியது. ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் கையெழுத்திட்டார். மில்கிரீக் நாலு துண்டானது அப்படித்தான்.

2022 மார்ச்சில் வழக்கு. தொடுத்தவர்களில் வாக்குரிமைக்காக உழைக்கும் பெண் வாக்காளர் லீக் இருந்தது, அது எதிர்பார்க்கக்கூடியது. இன்னொரு அமைப்பு நன்னெறி அரசுக்கான மார்மன் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகும் பெண்கள் தங்கள் மாநிலத்துச் சட்டமன்றத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போவது என்றால் யூட்டாவில் அதன் கனமே வேறு. மத்திய நீதிமன்றத்துக்குப் போக முடியாது. கட்சி நலனுக்காகக் கோடு வளைப்பது அரசியல் கேள்வி, அதில் தலையிட எங்களிடம் அளவுகோல் இல்லை என்று 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று கையை விரித்துவிட்டது. ஆகவே மாநில நீதிமன்றம், மாநில அரசியலமைப்பு. யூட்டா அரசியலமைப்பில் அரசியல் அதிகாரம் எல்லாம் மக்களிடமே இருக்கிறது, தங்கள் அரசை மாற்றவும் சீர்திருத்தவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு பிரிவு இருக்கிறது. வழக்கின் உயிர்நாடி அதுதான். 2024 ஜூலையில் யூட்டா உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: அரசைச் சீர்திருத்த மக்கள் கொண்டுவந்த சட்டத்தைச் சட்டமன்றம் இஷ்டத்துக்கு வெட்டிச் சாய்க்க முடியாது. அந்த ஐந்து பேரையும் நியமித்தவர்கள் குடியரசுக் கட்சி ஆளுநர்கள்தான்.

அடுத்து நடந்ததை நாடகமாக எழுதினால் மிகை என்பார்கள். சட்டமன்றம் ஆகஸ்டில் அவசரமாகக் கூடி, மக்கள் கொண்டுவரும் எந்தச் சட்டத்தையும் மாற்றவோ நீக்கவோ தனக்கு அதிகாரம் கொடுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை நவம்பர் வாக்குச்சீட்டில் வைத்தது. திருத்தம் டி என்று பெயர். வாக்குச்சீட்டில் அச்சாகும் வாசகத்தை எழுதியவர்கள் இரண்டு அவைகளின் தலைவர்களே. அதைப் படித்தால் மக்கள் சட்டம் இயற்றும் முறையைப் பலப்படுத்தப் போகிறார்கள் என்று தோன்றும். பலப்படுத்துவதாம்! போதாததற்கு, தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும் என்ற அரசியலமைப்பு விதியையும் மறந்துவிட்டார்கள். செப்டம்பரில் மாவட்ட நீதிபதி டயானா கிப்சன் அதைச் செல்லாது என்றார், உச்ச நீதிமன்றமும் ஆமோதித்தது. அதற்குள் அச்சு வேலை ஓடிவிட்டதால் திருத்தம் டி வாக்குச்சீட்டில் இருந்தபடியே இருந்தது. ஜனங்கள் அதற்கும் வாக்களித்தார்கள், யாரும் அதை எண்ணவில்லை.

2025 ஆகஸ்ட் 25-ல் கிப்சன், புரொபொசிஷன் 4 தான் இன்றும் சட்டம், அதை மீறிய 2021 வரைபடம் போகட்டும், புதிதாக வரையுங்கள் என்றார். சட்டமன்றம் அக்டோபரில் புது வரைபடம் நிறைவேற்றியது. கூடவே, ஒரு வரைபடம் கட்சி சார்பற்றதா என்று எந்தக் கணக்கால் அளக்க வேண்டும் என்பதற்கும் ஒரு சட்டம். செய்தித்தாள்கள் இந்தக் கணக்கைச் சரியாக விளக்கவில்லை என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

அந்த அளவுகோல் கேட்கும் கேள்வி: மாநிலத்தில் இரண்டு கட்சிகளும் 50-50 வாக்கு வாங்கினால் யாருக்கு எத்தனை சீட்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. போட்டு பார்ப்போம். எளிமைக்காக மாநில வாக்கு குடியரசுக் கட்சிக்கு 60, ஜனநாயகக் கட்சிக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைபடத்தில் நாலு தொகுதியும் 60-40. அதாவது பீட்சாத் துண்டு, 4-0. எல்லாத் தொகுதியிலும் 10 சதவீதத்தை ஜனநாயகக் கட்சிப் பக்கம் நகர்த்தினால் நாலும் 50-50. சமச்சீர், தேர்ச்சி! இரண்டாவது வரைபடத்தில் சால்ட் லேக் தொகுதி ஜனநாயகக் கட்சிக்கு 60-40, மற்ற மூன்றும் குடியரசுக் கட்சிக்குச் சுமார் 67-33. நிஜத்தில் 3-1. இதிலும் 10 சதவீதத்தை நகர்த்துங்கள். சால்ட் லேக் 70-30 ஆகிறது, மற்ற மூன்றும் சுமார் 57-43, இன்னும் குடியரசுக் கட்சிக்கே. அப்படியானால் 50-50 மாநிலத்தில் குடியரசுக் கட்சிக்கு 3 சீட். இந்த வரைபடம் குடியரசுக் கட்சிக்குப் பாரபட்சம் காட்டுகிறது, தோல்வி!

புரிகிறதா? ஜனநாயகக் கட்சிக்கு ஒரு சீட் கிடைக்கும் வரைபடம் ஜனநாயகக் கட்சிக்கு எதிரானது என்று தள்ளப்படுகிறது. ஒன்றும் கிடைக்காத வரைபடம் நேர்மையானது என்று சான்றிதழ் வாங்குகிறது. சூத்திரத்தில் தவறு இல்லை, விஸ்கான்சின் மாதிரி நிஜமாகவே 50-50 ஆக இருக்கும் மாநிலத்தில் அது நன்றாக வேலை செய்யும். 20 புள்ளி இடைவெளி உள்ள யூட்டாவில் அந்த 50-50 தேர்தல் கற்பனையில் மட்டுமே நடக்கும். பழமைவாத மாநிலத்தில் வரைபடத்தை அளப்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது.

இதைவிட நம்பகமானது கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான வரைபடங்களை உருவாக்கிப் பார்ப்பது. அதற்குக் கட்சி விவரமே கொடுப்பதில்லை. சம எண்ணிக்கை, ஊரை உடைக்காதே, கச்சிதமாக வை என்ற விதிகள் மட்டும். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை எப்படி இருக்கின்றன, சட்டமன்றத்தின் வரைபடம் அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்கலாம். வழக்கில் இரு தரப்பு நிபுணர்களும் இதை வைத்துத்தான் மோதினார்கள்.

நவம்பர் 10-ஆம் தேதி, தேர்தல் அதிகாரிகளுக்கு வரைபடம் வேண்டிய கடைசி நாள், நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்பு கிப்சன் தீர்ப்பு வந்தது. சட்டமன்றத்தின் புது வரைபடமும் புரொபொசிஷன் 4-ஐ மீறுகிறது, அந்த அளவுகோல் சட்டமும் நிற்காது என்று சொல்லி, வழக்குத் தொடுத்தவர்கள் கொடுத்த ஒரு வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தார். சால்ட் லேக் நகரத்தை மையமாகக் கொண்ட ஒரு தொகுதி அதில் இருக்கிறது. மற்ற மூன்றும் குடியரசுக் கட்சிக்கு முன்பைவிடப் பாதுகாப்பானவை, அதை யாரும் பேசுவதில்லை.

அதே வருஷம் டெக்சாஸ் ஐந்து சீட் கூடுதலாகப் பிடிக்க, சென்சஸ் வரும்வரை காத்திருக்காமல் வரைபடத்தை மாற்றியதும், பதிலுக்கு கலிஃபோர்னியா நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் தன்னுடையதை மாற்றியதும் யூட்டாவின் இந்த ஒற்றைத் தொகுதியைத் தேசியச் செய்தியாக்கிவிட்டன. தெற்கு மாநிலங்களின் வழக்குகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அலபாமாவில் 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது கறுப்பின வாக்காளர்களின் பிரச்சினை, அதற்கு 1965-ன் வாக்குரிமைச் சட்டம் என்ற பிடிமானம் இருந்தது. சால்ட் லேக் விஷயத்தில் அந்தப் பிடிமானம் கிடையாது. யூட்டாவிலேயே அப்படியும் ஒன்று நடந்திருக்கிறது, ஆனால் கவுண்டி அளவில். தென்கிழக்கு மூலையில் உள்ள சான் ஹுவான் கவுண்டியில் நவஹோ பழங்குடியினர்தான் பாதிக்கும் சற்று மேல். ஆனால் அவர்களை ஒரே தொகுதியில் நெருக்கி அடைத்திருந்ததால் கவுண்டியை நிர்வகிக்கும் மூன்று ஆணையர்களில் ஒருவர் மட்டுமே அவர்கள் ஆள். மத்திய நீதிபதி கோடுகளை மாற்றச் சொன்ன பிறகு, 2018 தேர்தலில் முதல்முறையாக இரண்டு நவஹோ ஆணையர்கள் வந்தார்கள். சால்ட் லேக்கில் சிதறடித்தார்கள், சான் ஹுவானில் திணித்தார்கள். இரண்டுக்கும் தேவைப்பட்டது ஒரே பென்சில்தான்.

ஆக, 4-ல் 4 இயல்புதானே என்றால், 4-ல் 3 இயல்பு. நாலாவதற்கு வேலை பார்க்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், யூட்டாவில் எந்தக் கட்சி ஆளும் என்று யாருக்கும் சந்தேகமே இல்லாததால்தான் அடுத்த கேள்வி பளிச்சென்று தெரிகிறது: எப்போதும் ஜெயிக்கும் கட்சியை அதன் சொந்த வாக்காளர்கள் போட்ட விதி கட்டுப்படுத்துமா? சட்டமன்றம் கட்டுப்படுத்தாது என்றது, நீதிமன்றம் கட்டுப்படுத்தும் என்றது.

தோற்ற பிறகு குடியரசுக் கட்சி என்ன வழியைப் பிடித்தது என்று பாருங்கள். புரொபொசிஷன் 4-ஐ ரத்து செய்ய ஒரு மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்று 2025 அக்டோபரிலேயே கிளம்பிவிட்டார்கள். அதற்குச் சுமார் 1,41,000 கையெழுத்து வேண்டும், அதுவும் 29 மேலவைத் தொகுதிகளில் 26-ல் போதிய அளவு. ஏழு வருஷம் முன்பு ரால்ஃப் பெக்கரும் ஜெஃப் ரைட்டும் ஆள் திரட்டியது போலவே இவர்களும் மனுத்தாளைத் தூக்கிக்கொண்டு வாக்காளர்களிடம் போக வேண்டியதாயிற்று.